ஆக்கியோன் பெயரும் வழியும்: ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஒலிப்பதிவுகளும் திண்டுக்கல் பறையிசையும்

ஆய்வுச் சுருக்கம்

1962ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றிய ரோலிங் ஸ்டோன்ஸ், புளூஸ் ராக் இசையில் மிக நீண்ட காலம் இயங்கிவரும் குழுக்களுள் ஒன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து இக்குழு பெற்றவற்றையும், பெற்றதை அது எவ்வாறு குறித்தது என்பதையும் 1964 முதல் 2023 வரையிலான அதன் ஒலிப்பதிவுகளைக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகின்றது. மதிப்பீட்டுக்குரிய அளவுகோலாக நன்னூல் கூறும் சிறப்புப்பாயிர உறுப்புகளுள் ‘ஆக்கியோன் பெயர்’, ‘வழி’ ஆகிய இரண்டும் கொள்ளப்பெறுகின்றன. அம்மதிப்பீட்டின் வழியாகத் திண்டுக்கல் வட்டாரப் பறையிசையைப் பதிவுசெய்யும் தமிழ் ஆய்வாளர்தம் நடைமுறையும் மறுபரிசீலனைக்கு உள்ளாக்கப்பெறுகின்றது.

திறவுச் சொற்கள்: புளூஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், ஒலிப்பதிவு, பாயிரம், வழிநூல், பறை, சக்தி நாட்டுப்புறக் கலை மையம், நிகழ்த்துநர் உரிமை.

முன்னுரை

ஒரு நூலைக் கையிலெடுப்பவர் முதலில் அறிய வேண்டுவன யாவை என்பதைத் தமிழ் இலக்கண மரபு தெளிவாக வரையறுத்துள்ளது. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டினை நன்னூல் சிறப்புப்பாயிரத்துக்கு உரியனவாகக் கூறுகின்றது. இவற்றுள் முதலிரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. நூலைச் செய்தவர் யார் என்பதற்கு முதல் உறுப்பு விடையளிக்கின்றது. அந்நூல் எதிலிருந்து வந்தது என்பதற்கு இரண்டாம் உறுப்பு விடையளிக்கின்றது. ஒருவர் தம் பெயரை மட்டும் கூறி வழியை மறைப்பாராயின் பாயிரம் குறையுடையதாகும்.

இசைத்தட்டின் நடுவில் ஒட்டப்பெறும் வட்டத்தாளும் ஒருவகைப் பாயிரமே. பாடலின் பெயர், பாடியோர், இயற்றியோர், வெளியிட்ட நிறுவனம் ஆகியன அச்சிறு வட்டத்துள் அடங்குகின்றன. வாய்மொழியாக வழங்கிய ஓர் இசை ஒலிப்பதிவாக மாறும் தருணத்தில், அதுவரை ஊருக்கும் உறவுக்கும் மட்டும் தெரிந்திருந்த அதன் வழி, அவ்வட்டத்தாளில் எழுதப்பெற்றால் நிலைக்கின்றது, எழுதப்பெறாவிடின் அறுந்துபோகின்றது.

இக்கருத்தைச் சோதித்தறிய ரோலிங் ஸ்டோன்ஸ் ஒலிப்பதிவுகள் தக்க களமாகின்றன. இதற்குக் காரணங்கள் இரண்டு. அறுபது ஆண்டுக் காலம் ஒரே பெயரில் இயங்கிய குழுவாதலின் மாற்றங்களைத் தொடர்ச்சியாகக் காண இயலும் என்பது ஒன்று. தம் இசை எங்கிருந்து வந்தது என்பதை வெளிப்படையாகப் பேசிய குழுவினரே தம் இசைத்தட்டுகளில் அதனை எப்போதும் முறையாகக் குறித்தாரல்லர் என்பது மற்றொன்று. இவ்விடைவெளி நாட்டுப்புறவியல் ஆய்வாளர் அனைவரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

புளூஸ்: வடிவமும் வாழ்வும்

அடிமை முறையிலிருந்து சட்டத்தால் விடுவிக்கப்பெற்று, வாழ்வால் விடுவிக்கப்பெறாத கறுப்பின உழைப்பாளரிடையே அமெரிக்கத் தென்மாநிலங்களில் உருவானது புளூஸ். மிசிசிப்பியின் பருத்தி வயல்களைச் சார்ந்த சிற்றூர்கள் அதன் முதன்மையான விளைநிலங்களுள் ஒன்று. பன்னிரண்டு தாள அளவுகளைக் கொண்ட சுற்று, முதலடியை மீண்டும் பாடி மூன்றாம் அடியில் விடை கூறும் பாடலமைப்பு, மூன்றாம் ஏழாம் சுரங்களைச் சற்றே தாழ்த்திப் பாடும் முறை, குரல் கேட்கக் கிதார் விடையிறுக்கும் உரையாடல் ஆகியன அதன் இயல்புகள். அடி மீளப் பாடப்படுவது அழகுக்காக மட்டுமன்று. அடுத்த அடியை அப்போதே புனைந்துகொள்ளும் அவகாசத்தையும் அது பாடுபவருக்கு அளிக்கின்றது. நம் ஒப்பாரியிலும் தெம்மாங்கிலும் அடி மீளப் பாடப்படுவதற்கு இப்பயன் உண்டு என்பதைக் களப்பணி செய்தோர் அறிவர்.

இவ்விசை ஆய்வாளர் கைக்கு வந்த முறையும் நோக்கத்தக்கது. ஆலன் லோமாக்ஸ் 1941ஆம் ஆண்டு மிசிசிப்பியின் ஸ்டோவால் பண்ணைக்குச் சென்று, அங்கு உழைத்துக்கொண்டிருந்த மடி வாட்டர்ஸ் என்னும் இளைஞரின் பாடலை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்காகப் பதிவுசெய்தார். பின்னர்ச் சிகாகோவுக்குப் பெயர்ந்த மடி வாட்டர்ஸ், மின்கிதாருடன் செஸ் நிறுவனத்தில் பாடிய பாடல்கள் ஒரு காலத்தின் குரலாயின. 1950இல் அவர் வெளியிட்ட ‘ரோலிங் ஸ்டோன்’ என்னும் பாடலிலிருந்தே இலண்டன் இளைஞர்கள் தம் குழுவுக்குப் பெயரெடுத்தனர். ஆக, குழுவின் நூற்பெயரே வழியைச் சொல்கின்றது.

முதற்கட்டம்: வழிமொழிதல் (1964–1965)

1964 ஏப்பிரலில் பிரித்தானியாவில் வெளிவந்த முதல் இசைத்தொகுப்பில் உள்ள பன்னிரண்டு பாடல்களுள் பெரும்பாலானவை பிறருடையவை. வில்லி டிக்சன், ஜிம்மி ரீட், ஸ்லிம் ஹார்ப்போ ஆகியோர் ஆக்கங்கள் அதில் இடம்பெற்றன. இயற்றியோர் பெயர்களும் குறிக்கப்பெற்றன. அதே ஆண்டு சூன் திங்களில் இக்குழுவினர் சிகாகோ சென்று, மடி வாட்டர்ஸ் பாடிய அதே செஸ் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடினர். அக்கூடத்தின் முகவரியையே ஒரு கருவியிசைக்குப் பெயராகச் சூட்டினர்.

இக்கட்டத்தின் தேர்ந்த ஒலிப்பதிவாக வில்லி டிக்சன் இயற்றி, ஹவ்லின் வுல்ஃப் முன்னர்ப் பாடியிருந்த ‘லிட்டில் ரெட் ரூஸ்டர்’ பாடலைக் கூறலாம். 1964 டிசம்பரில் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்ற இப்பாடலில் பிரையன் ஜோன்ஸ் வழுக்குக் கிதார் இசைத்தார். இளைஞர் ஆட்டத்துக்கு ஏற்ற விரைவுப் பாடல்கள் கோலோச்சிய காலத்தில் மந்தமான நடையுடைய ஒரு புளூஸ் பாடலைத் தனித்தட்டாக வெளியிட்டமை துணிவே. எனினும் ஹவ்லின் வுல்ஃபின் குரலில் உள்ள முதிர்ந்த அச்சுறுத்தலும் நகைப்பும் இப்பதிவில் இல்லை. ஜாகரின் குரல் அவ்வனுபவத்தைக் கற்றுக்கொள்ளும் மாணவக் குரலாகவே ஒலிக்கின்றது. ஆயின் இஃது இழுக்கன்று. முதல்வனைப் பொன்போலப் போற்றி அவன் மொழியையே எடுத்தாள்வது வழிநூலாசிரியர்க்கு ஒத்த செயல் என்பது நன்னூலார் கருத்து. 1965இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் தாம் பாட வேண்டுமாயின் ஹவ்லின் வுல்ஃபும் பாட வேண்டும் எனக் குழுவினர் வலியுறுத்தினர். அவர் பாடும்போது காலடியில் அமர்ந்து கேட்டனர். இக்கட்டத்தில் பாயிரம் முழுமையாக உள்ளது.

இரண்டாங்கட்டம்: செரித்தலும் மறைத்தலும் (1968–1972)

‘பெகர்ஸ் பேங்க்வெட்’ (1968), ‘லெட் இட் பிளீட்’ (1969), ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ (1971), ‘எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்’ (1972) ஆகிய நான்கும் இக்குழுவின் உச்சநிலைப் படைப்புகள் என்பது பரவலாக ஏற்கப்பெற்ற கருத்து. இக்கட்டுரையும் அதனை மறுக்கவில்லை. கீத் ரிச்சர்ட்ஸ் கிதாரின் ஆறாம் நரம்பை நீக்கி, எஞ்சிய ஐந்தினைக் கை வைக்காமலே ஓர் இசைவுச் சுரக்கூட்டு ஒலிக்குமாறு கூட்டிக்கொண்டார். பழைய பேன்ஜோ வாசிப்பிலும் மிசிசிப்பிக் கிதார் வாசிப்பிலும் வழங்கிய சுருதிக்கூட்டு இது. இதனால் தாளமும் சுரமும் ஒரே கையசைவில் பிறக்கும் தனித்த நடையொன்று உருவாயிற்று. பழங்கருவி முறையொன்று புதிய இலக்கணமாக மலர்ந்தமைக்கு இது நல்ல சான்று. நன்னூலார் கூறும் ‘பின்னோன் வேண்டும் விகற்பம்’ இங்கு முழுமையாக நிறைவேறுகின்றது.

ஆயின் விகற்பம் வளர்ந்த அதே காலத்தில்தான் வழி மறைகின்றது. மூன்று பாடல்களை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, ‘பெகர்ஸ் பேங்க்வெட்’ தொகுப்பில் உள்ள ‘பிராடிகல் சன்’. இதன் மூலவர் இராபர்ட் வில்கின்ஸ். 1929இல் ஓர் உலகியல் புளூஸ் பாடலாக இதனைப் பதிவுசெய்த வில்கின்ஸ், பின்னர்ப் புளூஸ் பாடுவதைக் கைவிட்டுச் சமய ஊழியரானார். பல்லாண்டு கழித்து, அப்பழைய மெட்டில் விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதையைப் புகுத்திப் பாடினார். தம் இசையைத் தாமே துறந்து, தாமே மாற்றி, தாமே மீட்ட ஒருவரின் வாழ்வு இப்பாடலில் அடங்கியுள்ளது. ரோலிங் ஸ்டோன்ஸ் தொகுப்பின் முதல் வெளியீட்டில் இப்பாடலுக்கு இயற்றியோராக ஜாகர், ரிச்சர்ட்ஸ் ஆகியோர் பெயர்களே அச்சிடப்பெற்றன. பிற்காலப் பதிப்புகளில்தான் வில்கின்ஸ் பெயர் இடம்பெற்றது.

இரண்டாவது, ‘லெட் இட் பிளீட்’ தொகுப்பின் ‘லவ் இன் வெய்ன்’. 1936, 1937 ஆகிய ஈராண்டுகளில் நிகழ்ந்த ஒலிப்பதிவு அமர்வுகளில் இருபத்தொன்பது பாடல்களைப் பாடி, 1938இல் இருபத்தேழு வயதில் மறைந்த இராபர்ட் ஜான்சனின் பாடல் இது. ஜான்சன் தனிக் கிதாருடன் பாடியதை, ரை கூடரின் மேண்டலின் துணையுடன் விரிந்த, தளர்ந்த நடையில் இக்குழு மாற்றியமைத்தது. மூலத்தில் அடக்கப்பெற்ற துயரம் இங்குப் பரந்த வெளியாக விரிகின்றது. இசை நோக்கில் இது சிறந்த வழிநூல். ஆனால் முதல் பதிப்புகளில் ஜான்சன் பெயருக்கு மாறாக வுடி பெய்ன் என்னும் பெயரே காணப்பட்டது.

மூன்றாவது, ‘எக்ஸைல்’ தொகுப்பின் ‘ஸ்டாப் பிரேக்கிங் டவுன்’. இதுவும் ஜான்சனுடையதே. ஆயின் மரபுப் பாடல் எனவும் இசையமைப்பு மட்டும் தம்முடையது எனவும் குறிக்கப்பெற்றது. ஜான்சனின் இவ்விரு பாடல்களும் யாருக்கும் உரிமையற்ற பொதுச்சொத்து என்னும் வாதம் அமெரிக்க நீதிமன்றம் வரை சென்று, 2000ஆம் ஆண்டின் மேல்முறையீட்டுத் தீர்ப்பில் தோல்வியுற்றது. பாடல் பதிவுசெய்யப்பெற்று அறுபத்துமூன்று ஆண்டுகளும், பாடியவர் இறந்து அறுபத்திரண்டு ஆண்டுகளும் கடந்த பின்னரே இத்தீர்ப்பு வந்தது.

‘மரபுப் பாடல்’ என்னும் சொல் இங்கு ஆற்றும் பணியை ஆய்வாளர் கூர்ந்து நோக்க வேண்டும். மரபு என்பது உயர்வான சொல்லே. ஆயின் ஆக்கியோன் பெயர் எழுத வேண்டிய இடத்தில் அச்சொல் எழுதப்பெறும்போது, பெயருள்ள ஒருவர் பெயரற்றவராக்கப்படுகின்றார். அதே காலத்தில் பெயர் குறித்த சான்றும் உண்டு என்பதை நடுநிலையோடு கூற வேண்டும். ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ தொகுப்பில் ‘யூ காட்டா மூவ்’ பாடலுக்கு மிசிசிப்பி ஃபிரெட் மெக்டவெல் பெயர் குறிக்கப்பெற்றது. ‘எக்ஸைல்’ தொகுப்பில் ஸ்லிம் ஹார்ப்போவின் பாடலும் அவர் பெயரிலேயே உள்ளது. எனவே குழுவினர்க்கு வழி தெரியாமல் இல்லை. எந்தப் பெயர் சட்டத்தால் காக்கப்பெற்றிருந்தது, எந்தப் பெயருக்குப் பின்னால் கேட்க ஆளில்லை என்னும் வேறுபாடே குறிப்புகளின் வேறுபாட்டை விளக்கவல்லது.

பெயர்க்குறிப்பின் சிக்கல் குழுவுக்குள்ளும் இருந்தது. 1969 முதல் 1974 வரை குழுவில் இருந்த கிதார் கலைஞர் மிக் டெய்லருக்கு ‘எக்ஸைல்’ தொகுப்பின் ‘வென்டிலேட்டர் புளூஸ்’ பாடலில் மட்டுமே இயற்றியோர் வரிசையில் இடம் கிடைத்தது. முன்னோர் பெயரைக் குறிப்பதில் தளர்ந்த ஒரு நடைமுறை, உடனிருப்போர் பெயரைக் குறிப்பதிலும் தளர்வது வியப்பன்று.

இக்கட்டத்தின் மற்றொரு குறையும் சுட்டத்தக்கது. 1971இல் வெளிவந்த ‘பிரவுன் சுகர்’, கறுப்பின இசையின் ஆற்றலால் இயங்கிக்கொண்டே, அடிமைக் கப்பலையும் அடிமைப் பெண்ணையும் ஆண்டையின் கண்ணால் காணும் பாடல். அது கண்டனமா களிப்பா என்பது தெளிவாகவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து, 2021ஆம் ஆண்டுப் பயணத்தில் குழுவினர் அதனைப் பாடாது விட்டனர். ஓர் இசையைப் பெற்றுக்கொள்வது அவ்விசையைப் பெற்றெடுத்த மக்களை மதிப்பதாகத் தானாகவே ஆகிவிடாது என்பதற்கு இப்பாடல் சான்றாக நிற்கின்றது.

மூன்றாங்கட்டம்: மீள்வரவு (2016–2023)

இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் வெளிவந்த தொகுப்புகள் பலவற்றில் புளூஸ், நடையின் அடியோட்டமாக மட்டுமே எஞ்சியது. 2005க்குப் பின் புதிய தொகுப்பு ஏதும் வாராதிருந்த நிலையில், 2016 டிசம்பரில் ‘புளூ அண்ட் லோன்சம்’ வெளிவந்தது. பன்னிரண்டு பாடல்களும் பிறருடையவை. லிட்டில் வால்டர் பாடிப் புகழ்பெற்றவை அவற்றுள் மிகுதி. 2015 டிசம்பரில் மூன்றே நாளில், குழுவினர் ஒரே கூடத்தில் ஒருங்கிருந்து இசைத்துப் பதிந்தது இது. 2018இல் மரபு புளூஸ் பிரிவில் கிராமி விருதும் பெற்றது.

இத்தொகுப்பின் சிறப்பு ஜாகரின் வாயிசைக்கருவியில் உள்ளது. மேடைச் செய்கைகள் நீங்கிய அவர் மூச்சு இங்கு இசையாகின்றது. இருபது வயதில் எட்டாத முதுமை, எழுபது வயதில் தேடாமல் வந்து சேர்ந்துள்ளது. குறையும் உண்டு. மூலப் பதிவுகளின் நடையை மிக நெருங்கிச் செல்வதால், விகற்பம் என்னும் இலக்கணம் பல இடங்களில் நிறைவேறவில்லை. அதாவது, பாயிரம் மிகச் சரியாக அமைந்த தொகுப்பில் நூல் சற்றே அடங்கி ஒலிக்கின்றது. நூல் ஓங்கிய தொகுப்புகளில் பாயிரம் பிழைபட்டது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற அறுபது ஆண்டு தேவைப்பட்டதோ என எண்ணத் தோன்றுகின்றது.

2023 அக்டோபரில் வெளிவந்த ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ தொகுப்பின் இறுதிப் பாடல், குழுவுக்குப் பெயரளித்த மடி வாட்டர்ஸின் அதே பாடல். 2021இல் தாளக் கலைஞர் சார்லி வாட்ஸ் மறைந்த பின்னர் வெளிவந்த தொகுப்பு அது. பறை முழவு ஏதுமின்றி, ஒரு குரலும் ஒரு வாயிசைக்கருவியும் ஒரு கிதாருமாக ஜாகரும் ரிச்சர்ட்ஸும் இருவர் மட்டும் இசைக்கின்றனர். நூலின் முகப்பில் நிற்க வேண்டிய பாயிரம் நூலின் கடைசியில் வந்து நிற்கின்றது. எனினும் வந்து நிற்கின்றது என்பதே இங்குப் போற்றத்தக்கது.

இந்தியாவில் இவ்விசை வேரூன்றிய இடமாகச் சில்லாங்கைக் குறிப்பிடலாம். 2003இல் ரூடி வாலாங், திப்ரிதி கார்பங்கர் ஆகியோர் தொடங்கிய ‘சோல்மேட்’ குழு, 2005இல் வெளியிட்ட தன் முதல் தொகுப்புக்கு ஊர்ப்பெயரையே சூட்டியது. இசையின் வழி மிசிசிப்பி. தம் எல்லை சில்லாங் என்னும் தெளிவு அப்பெயரில் உள்ளது.

திண்டுக்கல்லில் ஒலிக்கும் பறை

தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக வைத்தது. நிலந்தோறும் பறை உண்டு என்பது அதன் பொருள். பிற்காலச் சாதியமைப்பு அக்கருவியை ஒரு சாராரின் கட்டாயப் பணியாக்கி, அதனாலேயே அவர்களை இழிவுபடுத்தியது. மிசிசிப்பியில் உழைப்பாளி தன் துயரைத் தானே விரும்பிப் பாடினார். நம் ஊர்களில் பிறர் வீட்டுச் சாவுக்கு அடித்தே தீர வேண்டும் என்னும் நிலை இருந்தது. இவ்வேறுபாட்டை மறந்து புளூசையும் பறையையும் ஒன்றெனக் கூறுவது பிழையாகும். ஒப்புமை கருவியிலோ தாளத்திலோ இல்லை. ஒலிப்பதிவின் முன் இரண்டும் அடைந்த நிலையில் உள்ளது.

இழிவுக்குக் காரணமாக்கப்பெற்ற கருவியை அடிக்க மறுத்துப் பறையைக் கைவிட்ட ஊர்கள் பல. விடுதலைக் கருவியாக அதனை மீண்டும் கையிலெடுத்தோரும் பலர். வில்கின்ஸ் தம் புளூசைத் துறந்ததும் வேறு பொருளில் மீட்டதும் இங்கு நினைவுகூரத்தக்கன. துறத்தலும் மீட்டலும் கலைஞரின் உரிமை. அவ்விரண்டையும் அறியாமல் ஒலியை மட்டும் எடுத்துச் செல்பவர் பாதியையே எடுத்துச் செல்கின்றார்.

மீட்டெடுத்தோர் வரிசையில் திண்டுக்கல்லைச் சார்ந்த சக்தி நாட்டுப்புறக் கலை மையத்துக்குத் தனியிடம் உண்டு. அருட்சகோதரி சந்திரா 1990இல் தொடங்கிய இவ்வமைப்பு, தலித் இளம்பெண்களுக்குப் பறையாட்டமும் பிற நாட்டுப்புறக் கலைகளும் பயிற்றி வருகின்றது. ஆடவர்க்கே உரியதாகக் கருதப்பெற்ற கருவியைப் பெண்கள் தோளில் மாட்டி, அடித்துக்கொண்டே ஆடும்போது சாதி, பால் ஆகிய இரு கட்டுகளும் ஒருங்கே கேள்விக்குள்ளாகின்றன. வலக்கையின் தடித்த அடிகுச்சியும் இடக்கையின் மெல்லிய நீள்குச்சியும் தோலின் நடுவிலும் விளிம்பிலும் மாறிமாறி விழ, காலடியும் அதே கணக்கில் நகர்கின்றது. ஒலி வேறு, உடல் வேறு எனப் பிரிக்கவியலாத கலை இது.

ஆதலின் செவிக்கு மட்டும் உரிய ஒலித்தட்டு இக்கலையைப் பதிவுசெய்யப் போதாது. அமெரிக்க இனவரைவு இசையியலறிஞர் சோயி ஷெரினியன் இம்மையத்தைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்னும் ஆவணப்படத்தை உருவாக்கினார். முன்னர் 2011இல் பறைக் கலைஞர் குழுவொன்றைப் பற்றி அவர் ஓர் ஆவணப்படம் எடுத்துள்ளார். மறைந்த தியாபிலஸ் அப்பாவு தமிழ் நாட்டுப்புற இசையில் அமைத்த தலித் விடுதலை இறையியல் குறித்து 2014இல் நூலும் எழுதியுள்ளார். பறையின் ஒலியோடு அதனை அடிப்போரின் பேச்சும் வாழ்வும் பதிவாகும் முறையாக ஆவணப்படம் அமைகின்றது. ஒலித்தட்டின் வட்டத்தாளில் அடங்காத ‘வழி’ இங்கு இடம்பெற வாய்ப்புண்டு.

இதற்கு மாறானது திரையிசையின் வழக்கம். பறை முழங்கும் பாடல்கள் எண்ணற்றவை. பாடியவர், பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்கள் தவறாது இடம்பெறும். பறையடித்தவர் பெயரைக் காண்பது அரிது. இவ்வழக்கத்தை மாற்றும் முயற்சிகளும் எழுந்துள்ளன. 2018 சனவரியில் சென்னையில் முதல் மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு, கானா, ராக், பறை ஆகியவற்றை ஒருங்கிணைத்தது. அயோத்திதாசப் பண்டிதரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து தன் பெயரைப் பெற்றது. பெயரிலேயே வழியைக் கூறிய மற்றொரு குழு இது.

ஆய்வாளரின் வட்டத்தாள்

இதுவரை பிறர் குறை கூறினோம். நாட்டுப்புறவியல் ஆய்வேடுகளின் அமைப்பையும் அதே அளவுகோலால் நோக்க வேண்டும். பாடல்களும் அடிகளும் எண்ணிட்டு வகைப்படுத்தப்பெறுகின்றன. பாடியோரும் அடித்தோரும் பின்னிணைப்பில் ‘தகவலாளர் பட்டியல்’ என்னும் தலைப்பில் பெயர், வயது, சாதி, ஊர் என வரிசைப்படுத்தப்பெறுகின்றனர். பதினேழாம் பாடலைப் பாடியவர் பட்டியலில் எத்தனையாவது பெயருக்கு உரியவர் என்பதை அறியப் பல ஆய்வேடுகளில் வழியில்லை. பாட்டைப் புனைந்து பாடியவர், அடியை நினைவிலிருந்து எழுப்பியவர் ‘தகவல்’ தந்தவராகிவிடுகின்றார். ஆய்வேட்டின் முகப்பில் ஆக்கியோன் பெயர் ஒன்றே உள்ளது. ‘மரபு, இசையமைப்பு எம்முடையது’ என அச்சிட்ட இசைத்தட்டுக்கும் இதற்கும் உள்ள தொலைவு மிகுதியன்று.

அமெரிக்க நாட்டுப்புறவியலின் முன்னோடியான ஜான் லோமாக்ஸின் பெயர், ‘குட்நைட் ஐரீன்’ பாடலின் இயற்றியோர் குறிப்பில் அதனைப் பாடிய லெட்பெல்லியின் பெயரோடு சேர்ந்து இடம்பெற்றது. தொகுத்தவர் இயற்றியவராகும் இவ்வழுக்கல், தீய நோக்கமில்லாத ஆய்வாளர்க்கும் நேரக்கூடியது என்பதை இது உணர்த்துகின்றது. தொகுத்தலும் வழிநூல் வகைகளுள் ஒன்று எனத் தொல்காப்பியம் ஏற்கின்றது. அது முதனூலாகாது என்பதும் அதனுள் அடங்கியுள்ளது.

சட்டமும் இங்குத் துணைநிற்கின்றது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் (1957) பாடகர், இசைக்கலைஞர், ஆடுநர், கழைக்கூத்தாடி உள்ளிட்ட எவரையும் ‘நிகழ்த்துநர்’ என ஏற்கின்றது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்த 38பி பிரிவு, தம் நிகழ்த்துதலுக்குத் தாமே உரியவர் என அடையாளங்காட்டப்பெறும் உரிமையை நிகழ்த்துநர்க்கு வழங்குகின்றது. பாடல் மரபுக்குரியதாக இருக்கலாம். அதனை இன்று, இவ்விடத்தில் நிகழ்த்தியது ஒருவரே. அவர் பெயர் பெறத்தக்கவர்.

இங்கு ஒரு தடை எழலாம். பெயரும் ஊரும் சாதியும் அச்சேறுவதைப் பறைக் கலைஞர் எல்லாரும் விரும்புவரா? பறையடித்தமை வெளித்தெரிவதால் பிள்ளைகளின் திருமணமும் வேலையும் பாதிக்கப்படும் என அஞ்சுவோர் உளரன்றோ? தடை நேரியதே. பெயரிடுதல் எப்போதும் சிறப்புச் செய்தலாகாது. ஆதலின் பெயரைக் குறிப்பதா, புனைபெயர் கொள்வதா, குழுப்பெயர் போதுமா என்பதைக் கலைஞரே முடிவுசெய்தல் வேண்டும். மறைப்பதும் அவர் முடிவாக இருப்பின் அது பெயரின்மை ஆகாது. ஆய்வாளர் கேளாமல் விடுவதே பெயரின்மை.

இதனடிப்படையில், களப்பதிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு பாயிரம் அமைக்கலாம் என இக்கட்டுரை முன்மொழிகின்றது. நிகழ்த்தியவர் விரும்பியவாறு அவர் பெயர். அவ்வடியை அல்லது பாடலை அவர் யாரிடம் கற்றார் என்னும் வழி. அது வழங்கும் ஊரெல்லை. அதற்கு அவர்கள் வழங்கும் பெயர். சாவுக்கா சாமிக்கா மேடைக்கா என்னும் பயன். பதிவுசெய்த காலமும் களனும் காரணமும். இவை பாடலின் தலைப்பிலேயே நிற்க வேண்டும், பின்னிணைப்புக்குப் போகலாகாது. பவணந்தி முனிவர் வகுத்த வரிசையிலிருந்து நாம் பெரிதும் விலக வேண்டியதில்லை.

முடிவுரை

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ஒலிப்பதிவுகள் வழிமொழிதலில் தொடங்கி, செரித்தலில் உயர்ந்து, மறைத்தலில் தாழ்ந்து, மீள்வரவில் அமைதி பெறுகின்றன. அவர்களது இசைத்திறன் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. அத்திறன் மிக்கோங்கிய ஆண்டுகளிலேயே வில்கின்ஸ், ஜான்சன் ஆகியோர் பெயர்கள் தட்டுகளில் இடம்பெறத் தவறின என்பதும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதே. படைப்பின் சிறப்பு பாயிரத்தின் குறையை ஈடுசெய்யாது. பாயிரத்தின் குறை படைப்பின் சிறப்பை அழித்துவிடுவதுமில்லை. இரண்டையும் தனித்தனியே கூறுவதே திறனாய்வின் கடமை.

ஜான்சனின் பெயர் சட்டத்தால் நிலைபெற்றபோது அவர் உயிரோடில்லை. திண்டுக்கல் சமவெளியின் ஊர்களில் பறையின் அடிகளை நினைவில் தாங்கிய முதியோர் இன்றும் உளர். அவர்களிடம் கற்ற இளம்பெண்களும் உளர். கருவியைத் தீயில் காய்ச்சிப் பதம் பார்க்கும் அவர்தம் விரல்களுக்கு முன் ஒலிப்பதிவுக் கருவியை நீட்டும் ஆய்வு மாணவர், முதலில் கேட்க வேண்டிய வினா ஒன்றே: ‘இந்த அடியை யாரிடம் கற்றீர்கள்?’ அவ்வினாவின் விடை பதிவாகும்போது பாயிரத்தின் முதலிரண்டு உறுப்புகளும் ஒருங்கே நிறைவு பெறுகின்றன.